படிக்கட்டுக்கு அடியில் ஒரு சாப்பர்

கோவில்பதாகையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டுக்கு அடியில் பழைய கியர் சைக்கிள் ஒன்று நிற்பது வழக்கமான காட்சி. டயரில் காற்று இருக்காது, கியர் கம்பி துருவேறி இறுகிப் போயிருக்கும். வாங்கிய புதிதில் அதில் தெருவையே கலக்கிய பையன் இப்போது கல்லூரிக்கு பைக்கில் போய்க்கொண்டிருப்பான். ஒரு நாள் பெற்றோர் பொறுமையிழந்து அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். பதினேழு, பதினெட்டுக் கிலோ இரும்புக்குக் கைக்கு வருவது சில நூறு ரூபாய்.

அந்தக் காசுக்கு அதைக் கொடுப்பது அநியாயம். அதே சைக்கிளை ‘சாப்பர்’ ஆக மாற்றலாம். முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி நிற்கும், ஹேண்டில்பார் தோள் உயரத்துக்கு எழும்பும், நீளமான சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். 1969-ல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்து மோட்டார் சைக்கிளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோரணை பிடிபடும். இதற்கு வேண்டிய இரும்புக் குழாய், வெல்டிங், லேத், பவுடர் கோட்டிங் எல்லாமே ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவிலேயே கிடைக்கின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை உள்ளே போய், விவரம் தெரிந்த ஒருவர் கூடவே நிற்க, தன் கையால் அறுத்து ஒட்டிப் பார்க்க ஒரு பட்டறைதான் இல்லை. சென்னையின் இந்த மேற்குப் புறநகரில் அப்படி ஓர் இடம் இல்லாதிருப்பது வெட்கக்கேடு.

வெட்கக்கேடு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ‘ஹெர்குலிஸ்’, ‘பி.எஸ்.ஏ.’ சைக்கிள்களை நாடு முழுவதும் ஓட வைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்க்காரர். முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து 1949-ல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் குழாய்த் தொழிற்சாலையான டியூப் புராடக்ட்ஸ் 1955-லிருந்து ஆவடியில் இருக்கிறது. அதே ஆவடியில் ‘விஜயந்தா’ தொடங்கி ‘அர்ஜுன்’ வரை ராணுவ டாங்கிகளைக் கட்டிய கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. ‘அர்ஜுனுக்கு’ வரைபடம் போட்ட ராணுவ ஆராய்ச்சி நிலையமான சி.வி.ஆர்.டி.இ. இருக்கிறது. இரும்பை அறுக்கவும் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. ஓய்வு பெற்ற வெல்டரோ ஃபிட்டரோ இல்லாத தெருவை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாப்பர் சைக்கிளுக்கும் அம்பத்தூருக்கும் ஒரு பங்காளி உறவுகூட உண்டு. உலகிலேயே பேர் பெற்ற சாப்பர் சைக்கிள், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலே நிறுவனம் தயாரித்த ‘ராலே சாப்பர்’. பின்னால் 20 அங்குலச் சக்கரம், முன்னால் 16 அங்குலம், நடுக்குழாயின் மேலே கார் கியர் போல ஒரு நெம்புகோல். 1970-ல் பிரிட்டன் கடைகளுக்கு வந்தபோது பள்ளிப் பிள்ளைகள் பைத்தியமானார்கள். அந்த நாட்டில் மட்டும் சுமார் 15 லட்சம் விற்றதாகக் கணக்கு. அதை வடிவமைத்தது ஆலன் ஓக்லியா, டாம் கேரனா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. அந்த ராலேயை 1960-லேயே தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது வேறு யாருமல்ல, அம்பத்தூர் ஆலைக்குக் கூட்டாளியாக இருந்த அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான். நாட்டிங்காம் பையன்கள் சாப்பரில் வலம்வந்த காலத்தில் அம்பத்தூர் ஆலையின் சைக்கிள்கள் அரிசி மூட்டையும் பால் கேனும் சுமந்துகொண்டிருந்தன. நம் தேவை அப்போது அது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ராலேக்கு முன்பே 1963-ல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் ‘ஸ்டிங்ரே’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. அதன் பொறியாளர் அல் ஃப்ரிட்ஸ் அதைச் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. கலிபோர்னியாவில் சிறுவர்கள் 20 அங்குல சைக்கிள்களில் உயர்ந்த ஹேண்டில்பாரும் நீள சீட்டும் மாட்டி ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே ஆலையில் செய்தார். கியர் சைக்கிள் என்று நாம் சொல்லும் எம்.டி.பி.யின், அதாவது மலை சைக்கிளின் பிறப்பும் இதே கதைதான். 1970-களில் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே டமால்பைஸ் மலையில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் 1930-களின் தடி டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மோட்டார் சைக்கிள் பிரேக் நெம்புகோலும் கியரும் பூட்டி மலைச்சரிவில் இறக்கினார்கள். பழைய சைக்கிளைக் கழற்றி மாட்டியதில் பிறந்த வண்டியைத்தான் நாம் இன்று பழைய சைக்கிள் என்று எடைக்குப் போடுகிறோம். பெரிய கம்பெனிகள் தெருப்பிள்ளைகளிடம் பாடம் படித்த துறை இது.

அதற்காக ஹாக்சா பிளேடை எடுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிட முடியாது. முதலில் ஃப்ரேமில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு, வேலையைத் தொடங்கலாம். ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியம். அதை வெட்டி ஒட்டினால் வெப்பம் கொடுத்து ஏற்றிய உறுதி அந்த இடத்தில் போய்விடும். அதை மறுபடி ஏற்றத் தெருமுனைப் பட்டறையில் வழியில்லை. அலுமினிய சைக்கிளைத் தொடாமல் விடுவதே நல்லது.

அடுத்தது கணக்கு. சாதாரண கியர் சைக்கிளில் ஃபோர்க் தரைக்கு ஏறக்குறைய 71 டிகிரி சாய்வில் நிற்கும். அதை 35 சென்டிமீட்டர் நீட்டினால் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்வு 55 டிகிரிக்கு வந்துவிடும். இதனால் நடப்பது என்ன? ஃபோர்க்கின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரத்தை மெக்கானிக்குகள் ‘டிரெயில்’ என்பார்கள். 26 அங்குலச் சக்கரத்துக்கு அது சுமார் 7 சென்டிமீட்டரிலிருந்து 18-க்கு மேல் போய்விடும். நேராக ஓடும்போது வண்டி கல் மாதிரி நிற்கும். மெதுவாகத் திருப்பினால் முன்சக்கரம் பொத்தென்று ஒரு பக்கம் சரியும். பெடல் அச்சும் அரைச் சாண் அளவுக்கு உயர்வதால் சிக்னலில் காலை ஊன்றத் தடுமாற வேண்டும். பின்னால் 20 அங்குலச் சக்கரம் போட்டால் உயரம் குறையும். ஆனால் பழைய பிரேக் கட்டைக்கு அந்த ரிம் எட்டாது, டிஸ்க் பிரேக்குக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வருகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியலை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

ராலேயே இதில் சறுக்கியது. முதல் சாப்பரில் ஆள் பின்தள்ளி உட்கார்ந்தால் வண்டி முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழப் பார்த்தது. 1972-ல் வந்த இரண்டாம் மாதிரியில் சீட்டை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்தார்கள்.

வெல்டிங்கில்தான் உயிர் இருக்கிறது. கேட், கிரில் அடிக்கும் கடையில் ராடு வைத்து ஒட்டுபவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் சைக்கிள் குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ராடு ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை விழும். சி.ஓ.டூ. வெல்டிங்கோ, பித்தளை வைத்துச் செய்யும் கேஸ் பிரேசிங்கோதான் இதற்குச் சரி. ஃபோர்க் காலை நீட்டும்போது இரண்டு குழாயை முனைக்கு முனை வைத்து ஒட்டக் கூடாது. உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு குழாயைச் செருகி, அதோடு சேர்த்து ஒட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டுத் தண்ணீர்க் குழாயை, அதாவது ஜி.ஐ. பைப்பை எடுக்கிறவர்கள் உண்டு. துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் அதில் நெருப்பு வைத்தால் வரும் புகை, அன்று ராத்திரியே குளிர் காய்ச்சலில் படுக்க வைக்கும். முன் ஃபோர்க் ஒடிந்தால் ஓட்டுகிறவர் முகம் குப்புறத்தான் விழுவார். அதனால்தான் இது வீட்டு மொட்டை மாடியில் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. ஆசானும் பட்டறையும் வேண்டிய வேலை.

‘இந்த வயசில் படிக்காமல் இது எதுக்கு’ என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. வண்டியை மாற்றிப் பார்க்கும் ஆசை இந்த வயதில் எப்படியும் வரும். பைக் வந்ததும் சைலன்சரைக் கழற்றி அலற விடுவதும், ஹேண்டில்பாரை மாற்றுவதும் அதே ஆசைதான். அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை இஷ்டம்போல மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. சென்னையின் சொந்தக் கண்டுபிடிப்பான மீன்பாடி வண்டி, பழைய இன்ஜினை மூன்று சக்கர வண்டியில் பூட்டி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டும், பதிவெண் இல்லாத வண்டியாகவே விரட்டப்பட்டு வந்திருக்கிறது. சைக்கிளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு காலத்தில் அதற்கும் உரிம வில்லை வாங்க வேண்டியிருந்தது, ராத்திரியில் லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடித்தது. இன்று அதுவும் போய்விட்டது. மோட்டார் பூட்டாதவரை, ஓர் இளைஞன் சட்டத்துக்கு உட்பட்டுத் தன் கையால் தலைகீழாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரே சாலை வாகனம் சைக்கிள்தான்.

சாப்பரில் ஏறி, சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையில் லாரிகளோடு போட்டி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சாலையில் சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை. ஏரிக்கரை, உள்தெரு, ஞாயிற்றுக்கிழமைக் காலை, இவ்வளவுதான் அதன் எல்லை. பள்ளிக்கும் வேலைக்கும் போகத் தோதான வண்டியும் அல்ல அது. ஒரு சைக்கிள் ஏன் நிற்கிறது, ஏன் விழுகிறது என்று கற்றுக்கொடுக்கும் வண்டி அது. அந்தப் பாடத்தைக் கையால் படித்த பிள்ளை நாளை எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வரைபடத்தைப் பார்த்து மிரளாது.

இந்தப் பட்டறைக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோவும் சி.என்.சி. எந்திரமும் கொண்ட தொழில்நுட்ப மையங்களை அமைத்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கதவுகள் சேர்க்கை பெற்ற மாணவருக்கு மட்டுமே திறக்கின்றன. பக்கத்துத் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

2019-ல் மாநகராட்சியான ஆவடி இந்தப் பட்டறையை ஏற்று நடத்தலாம். சனிக்கிழமை மதியம் நான்கு மணி நேரம் ஐ.டி.ஐ.யின் ஒரு வெல்டிங் கூடத்தைத் திறந்தால் போதும். ஓய்வு பெற்ற இரண்டு தொழிலாளர்களுக்கு மதிப்பூதியம், பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கண்ணாடி, கையுறை, காலணி. அறுப்பதும் அரம் போடுவதும் பிள்ளைகள், ஃபோர்க்கை ஒட்டுவது பயிற்சி பெற்ற வெல்டர், எடை ஏற்றிச் சோதிக்காத வண்டி வெளியே போகாது என்று மூன்று விதிகள். குழாய்த் துண்டுகளைக் கொடுத்து உதவ ஆவடி, அம்பத்தூர் ஆலைகளைக் கேட்கலாம்; அவர்களுக்கு அது மீந்த சரக்கு. வரும் கோடை விடுமுறைக்குள் ஒரு கூடத்திலாவது இதைத் தொடங்க மேயரும் ஐ.டி.ஐ. முதல்வரும் உட்கார்ந்து பேச வேண்டும். அதுவரை படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் சைக்கிளை யாரும் எடைக்குப் போட வேண்டாம்.