ஒட்டு என்னும் வினை

ஆங்கிலத்தில் 'கிளீவ்' என்றொரு வினைச்சொல் உண்டு. அகராதியைப் புரட்டினால் 'பிளத்தல்' என்று ஒரு பொருளும், 'ஒட்டிக்கொள்ளுதல்' என்று அதற்கு நேரெதிரான இன்னொரு பொருளும் இருக்கும். இது பலருக்கும் வியப்பாக இருக்கிறது. உண்மையில் பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள். காலப்போக்கில் ஒலி மாறி ஒரே சொல்லாகிவிட்டன. விந்தை அவ்வளவுதான்.

தமிழில் அந்தக் குழப்பமில்லை. ஒட்டு வேறு, வெட்டு வேறு. பட்டிமன்றத்தில்கூட 'ஒட்டியும் வெட்டியும்' பேசுகிறோம். ஆனால் இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பது பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். என் ஊர் செர்டாங். சிலாங்கூர் செர்டாங் அன்று. கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் உள்ள செர்டாங். (இங்கே வந்த நாள்முதல் இதை விளக்கிக்கொண்டே இருக்கிறேன்!) மரத்தை வெட்டினால் பால் வடியும். வடிந்து ஓய்ந்தபின் வெட்டின் மேலேயே தங்கிக் காய்ந்துபோகும் மெல்லிய இழைக்கு 'ஒட்டுப்பால்' என்று பெயர். மறுமுறை வெட்டுமுன் அதை உரித்துச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கும் காசு உண்டு. மங்கில் விழுந்த பாலிலோ ரப்பர்த் துகள்கள் ஒரே வகை மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த விலக்கம் தணிந்து பால் திரளும். அம்மோனியா ஊற்றினால் திரளாது. ஒட்டுக்கன்றும் அப்படித்தான்: நாற்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டை அங்கே பொருத்திக் கட்டுகிறார்கள். கீறாமல் ஒட்டில்லை.

நம் மேடைகளில் இந்தச் சொல்லைக் கேட்க முடிவதில்லை. 'ஒன்றுபடுவோம்' என்றே முழங்குகிறோம். ஒன்றுபட்டால் இரண்டு இல்லாமல் போகும். ஒட்டினால் இரண்டும் இருக்கும். நம் மொழியே ஒட்டுநிலை மொழி. 'வீடுகளிலிருந்து' என்பதில் எத்தனை ஒட்டு சேர்ந்தாலும் 'வீடு' தெரிகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழகத்தில் நாம் இரண்டு கூட்டமாக இருக்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள் ஒரு பக்கம்; தொடக்கம் முதலே தேசியப் பள்ளியில் படித்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மறுபக்கம். "அவங்க நம்மளோட ஒட்டமாட்டாங்க" என்று நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். திருக்குறளின் 826ஆம் குறளில் 'ஒட்டார்' என்றால் பகைவர். அவ்வளவு பெரிய சொல்லை நம் அறைத்தோழர்கள்மேல் போடலாமா? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே மலாய்மொழியில் தடுமாறிய எங்களை யாரும் உடனே மாறச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். 'எழுதத் தெரியாதவர் தமிழரா?' என்று வாதிடுவோர் மொழிப்பற்றோடுதான் பேசுகிறார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி அம்மோனியா.

கழகச் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு பட்டிமன்றத்தில் எழுதத் தெரியாத நண்பர்களையும் பேச அழையுங்கள். உரையை அவர்கள் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசட்டும். எழுதப் பழக விரும்புவோருக்கு வாரம் ஒருநாள் மாலை நான் 'அ'னாவிலிருந்து சொல்லித்தருகிறேன். அவர்கள் வெட்டிப் பேசும் அணியில் நின்றாலும் எனக்குச் சம்மதமே.