தூக்கம் தெளிந்த பின் தொடங்கும் சிகிச்சை

போதைப் பழக்கத்துக்கு ஆளான பிள்ளையைப் பற்றி உற்றார் உறவினர் கூடி ஆலோசிக்கையில், நம் வீடுகளில் வழக்கமாக எழும் யோசனைகள் மூன்று: நாலு சாத்துச் சாத்தி அறையில் போட்டுப் பூட்டுவது, குலதெய்வத்தின் சந்நிதியில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவது, காலாகாலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கால்கட்டுப் போட்டுவிடுவது. இம்மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: நிறுத்துவதுதான் கஷ்டம், நிறுத்திவிட்டால் பிறகு எல்லாம் தானே சீர்ப்பட்டுவிடும் என்பது. மெத்தபெட்டமைன் என்ற இரசாயனப் போதைப்பொருளைப் பொறுத்தமட்டில் இந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடியது.

நம் இளைஞர்கள் ‘மெத்’ என்றும் இலங்கையில் ‘ஐஸ்’ என்றும் வழங்கும் இந்த வெள்ளைப் படிகம் நேற்று முளைத்ததன்று. ஜப்பானிய இரசாயன அறிஞர் நாகாய் நாகயோஷி 1893-இல் இதைத் தயாரித்தார். அகிரா ஒகாட்டா 1919-இல் படிக வடிவாக்கினார். உறக்கமும் களைப்பும் தெரியாமல் போரிடும்பொருட்டு இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மானிய, ஜப்பானியச் சிப்பாய்களுக்கு மாத்திரையாக வழங்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் ஜப்பானியச் சந்தையில் பரவி அது விளைத்த நாசத்தைத் தாங்கமாட்டாமல் அந்நாடு 1951-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. இன்று மியான்மரின் ஷான் மாநிலத்துக் கள்ள ஆலைகளில் டன் கணக்கில் உற்பத்தியாகிறது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஒரே மீன்பிடிப் படகிலிருந்து கடலோரக் காவல் படையினர் 5,000 கிலோவுக்கு மேல் கைப்பற்றினர். பிடிபட்ட கிலோக்கணக்கு பத்திரிகைகளில் தடித்த எழுத்தில் வெளியாகிறது. பிடிபடாமல் ஊருக்குள் வந்து சேர்ந்ததற்கு அடிமைப்பட்ட ஒருவன் அதை விட முயலும்போது அவனுக்கு நேர்வது என்ன என்பதைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை.

நெடுநாட் குடியைத் திடீரென்று நிறுத்தியவனுக்குக் கை நடுங்கும், உடல் வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், சித்தம் கலங்கும். அக்கோலத்தைக் கண்ட குடும்பத்தார் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். மெத்தை நிறுத்தியவனோ தூங்குகிறான். இரவு பகல் என்ற பேதமில்லாமல் நாட்கணக்கில் தூங்குகிறான், எழுந்தால் பெரும்பசியோடு உண்கிறான், மீண்டும் தூங்குகிறான். மாதக்கணக்கில் மகன் கண்ணயர்ந்தும் வயிறாரச் சாப்பிட்டும் காணாத தாய்க்கு இதைவிட ஆறுதலான காட்சி வேறென்ன இருக்க முடியும்? ஒரு வாரம் கழிந்து கன்னத்தில் சற்றே சதை பிடித்ததும், பிள்ளை தேறிவிட்டான் என்று எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள்.

உண்மையான சோதனை அப்போதுதான் ஆரம்பமாகிறது. நமக்கு ஊக்கத்தையும் இன்ப உணர்ச்சியையும் ஊட்டும் டோபமைன் என்ற பொருளை மூளைக்குள் வெள்ளமாய்ப் பாயவைப்பதே மெத்தின் வேலை. அந்த வெள்ளத்துக்குப் பழகிப்போன மூளை, அது வடிந்தபின் சாதாரண வாழ்க்கையின் சிறு சந்தோஷங்களை உணரும் சக்தியை இழந்து நிற்கிறது. நல்ல சாப்பாடும் நண்பனின் பேச்சும் சினிமாவும் எல்லாம் ஒரே வெறுமையாய்த் தோன்றுகின்றன. சோர்வும் எரிச்சலும், கவனம் நில்லாமையும், மீண்டும் ஒரே ஒரு முறை என்ற அடங்காத வேட்கையும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், நீடிக்கின்றன. யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவும் காதில் குரல் கேட்பதாகவும் சொல்லும் சித்தப்பிரமை சிலரைத் தொடர்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கும் அபாயமும் இக்காலத்தில் உண்டு. மூளையின் இந்த வறட்சியைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டு, “எருமை மாதிரி படுத்துக் கிடக்கிறானே!” என்று ஏசுகிறோம். அந்த ஏச்சைக் கேட்டவனுக்கு அதிலிருந்து தப்ப ஒரே ஒரு வழிதான் தெரியும்.

இதற்கு வைத்தியர்தான் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. இப்பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருந்து எதுவும் இதுவரை கிடையாது. நால்ட்ரெக்ஸோன், புப்ரோபியான் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து பெற்றோரில் 13.6 சதவிகிதத்தினரும் போலி மருந்து பெற்றோரில் 2.5 சதவிகிதத்தினருமே பலன் கண்டனர். ஆயினும் மனச்சோர்வுக்கும் பிரமைக்கும் தூக்கக் கோளாறுக்கும் மருந்து உண்டு. இருதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கலாம். தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்டறிந்து காவல் செய்யலாம். வேட்கை எந்த இடத்தில், எந்தச் சகவாசத்தில் கிளர்கிறது என்று நோயாளியே உணர்ந்து விலகப் பயிற்சி அளிக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்று தெரியும் ஒவ்வொரு முறையும் சிறு வெகுமதி வழங்கும் முறையைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும்; ஆனால் இவ்வகைப் போதைக்கு அதைவிட வலுவான ஆதாரமுள்ள சிகிச்சை வேறில்லை. மூளையும் மன்னிக்கத் தெரிந்தது: ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் டோபமைன் அமைப்பு பெருமளவு மீள்வதை 2001-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அந்த ஓராண்டைக் கடக்கச் செய்வதுதான் வைத்தியத்தின் பணி.

போலீஸ் பயத்தாலும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும் தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்தலாகாது என்கிறது. சிகிச்சையை முழுவதும் முடிக்காதவனிடமிருந்து அப்பாதுகாப்பைத் திரும்பப் பெறவும் இடமளிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்றே கொண்டு, சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது.

அதே சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதையும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையான கொடுமையைக் கண்ட நாடு இது. மறுவாழ்வு இல்லம் என்ற பலகையைத் தொங்கவிட்டு, அடித்து உதைத்துத் திருத்துவதாகச் சொல்லும் இடங்களில் பிள்ளையை ஒப்படைக்குமுன், உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நாங்கள் வந்து பார்க்க அனுமதி உண்டா, வீடு திரும்பிய பின் என்ன ஏற்பாடு என்ற நான்கு கேள்விகளைப் பெற்றோர் கேட்டே தீர வேண்டும். முன்மாதிரிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய போதை மீட்பு நிலையம், நோயாளியோடு அவன் குடும்பத்தாருக்கும் ஆலோசனை அளிப்பதை அப்போதிருந்தே சிகிச்சையின் அங்கமாகக் கொண்டது.

தன் கையால் தேடிக்கொண்ட கேட்டுக்குப் பொதுப் பணத்தைச் செலவிடலாமா என்ற ஆட்சேபத்துக்கு ஒரு பதில் உண்டு. இருமல் நின்றதும் காசநோய் மருந்தை நிறுத்தலாகாது என்பதைப் பல்லாண்டுப் பிரசாரத்தின் பயனாய் நம் கிராமத்துப் பாட்டிமாரும் அறிவர். நோயாளி வராவிட்டால் சுகாதார ஊழியர் வீடு தேடிச் செல்கிறார். நோயாளி செய்த தவறென்ன என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை; ஒருவனைப் பாதியில் விட்டால் ஊருக்கே தீங்கு என்பதை உணர்ந்து அரசு அந்தச் செலவை ஏற்றிருக்கிறது. அதே ஏற்பாடு இங்கும் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும், மெத் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரை ஓராண்டு காலம் பெயர்வாரியாகப் பின்தொடர வேண்டும். கைப்பற்றிய கிலோக்களை அறிவிக்கும் அரசு, ஓராண்டு மீண்டிருப்பவர்களின் தொகையையும் அறிவிக்க வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பிள்ளை தூங்கி எழுந்துவிட்டான் என்று நிம்மதியடையாதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.