தருமபுரி மாவட்டத்தில் பிறந்த இத்தாலி விமானம்! - நம்ம மாவட்ட டைரி

ஒகேனக்கல், பாலக்கோடு தக்காளி, அதியமான்கோட்டை... தருமபுரி மாவட்டம் என்றதும் நினைவுக்கு வரும் பட்டியலில் விமானத்துக்கு இடமே இல்லை. விமான நிலையமே இல்லாத மாவட்டத்தில் விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால், ராணுவத்துக்கு அல்லாமல் பொதுப் பயன்பாட்டுக்கான விமானத்தை இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கியபோது, அதற்காகத் தேர்ந்தெடுத்த ஊர் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் வழியில் இருக்கிறது பேளகொண்டப்பள்ளி. இன்றைக்கு அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9-ம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் தளியும் தருமபுரி கலெக்டர் ஆளுகையில்தான் இருந்தன. அங்கே 1990-களில் தொழிற்சாலை அமைத்தது, 'டனேஜா ஏரோஸ்பேஸ்' நிறுவனம். சுருக்கமாக 'டால்'. சும்மா ஒரு ஷெட் போட்டு வேலையைத் தொடங்கவில்லை. சுமார் 7,000 அடி நீளத்துக்குச் சொந்த ரன்வேயே போட்டார்கள். பெரிய ஜெட் விமானங்களே இறங்கக்கூடிய நீளம் அது.

அந்த ரன்வேயில் ஓடத் தயாரான விமானமோ ரொம்பச் சின்னது. பெயர், பி-68சி. பைலட்டையும் சேர்த்து ஆறு பேர் உட்காரலாம்.

பேராசிரியர் வரைந்த விமானம்

இந்த விமானத்தின் பூர்வீகம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். லூயிஜி பஸ்காலே என்பவர் அங்கே பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் கற்பித்தவர். பாடம் நடத்தியதோடு நிற்காமல், 1957-ல் 'பார்த்தெனாவியா' என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். நேப்பிள்ஸின் பழைய பெயரான பார்த்தெனோப்பேயிலிருந்து வந்த பெயர் அது. நம் ஊரில் ஒருவர் 'தகடூர் ஏவியேஷன்' என்று கம்பெனி தொடங்குவதுபோல வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒற்றை இன்ஜின் சிறு விமானங்களைச் செய்துகொண்டிருந்தவருக்கு 1960-களின் இறுதியில் ஒரு யோசனை. இரண்டு இன்ஜின் இருந்தால், ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால், இரட்டை இன்ஜின் விமானம் என்றாலே விலையும் பராமரிப்புச் செலவும் எகிறிவிடும். அதைச் சிக்கனமாகச் செய்தால் என்ன?

1970 மே 25-ம் தேதி பி-68 முதன்முறையாகப் பறந்தது. தலா 200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகமிங் பிஸ்டன் இன்ஜின்கள். மணிக்கு சுமார் 300 கி.மீ வேகம். சக்கரங்களை உள்ளே மடக்கும் வசதி இல்லை. இது குறை மாதிரித் தெரியும். உண்மையில் அதுதான் சூட்சுமம். மடக்கும் சக்கரம் என்றால் அதற்கு ஒரு இயந்திர அமைப்பு வேண்டும். எடை கூடும், பழுது வரும், பார்க்க மெக்கானிக் வேண்டும். பஸ்காலே அதையெல்லாம் தவிர்த்துவிட்டு, காற்றின் எதிர்ப்பு குறைவாக இருக்கும்படி உடலை வடிவமைத்தார். வேகத்தில் பெரிய இழப்பில்லை.

இன்னொரு விஷயம், இறக்கை. இது உடலின் மேல்பக்கத்தில் பொருத்தப்பட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே இருக்கும் நிலம் எந்த மறைப்பும் இல்லாமல் தெரியும். பயணிகளுக்கு வேடிக்கை; நில அளவை செய்பவர்களுக்கும், கடலோரத்தைக் கண்காணிப்பவர்களுக்கும், மேலிருந்து போட்டோ எடுப்பவர்களுக்கும் அதுவே தொழில். பி-68-க்கு உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கிடைத்ததற்கு இந்த இறக்கை முக்கியக் காரணம்.

பிறகு, வாங்குபவர்களின் தேவைக்கேற்ப ஒவ்வொரு வகையாக வந்தன. 1970-களின் நடுவில் வந்த 'பி' வகையில் கேபின் கொஞ்சம் நீண்டது. அடுத்த 'சி' வகையில் மூக்கு நீண்டது. டர்போசார்ஜர் வைத்த வகை, உயரத்தில் நன்றாகப் பறந்தது. சக்கரத்தை மடக்கும் ஒரு வகையையும் செய்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பார்க்க வேடிக்கையானது 'அப்சர்வர்'. ஹெலிகாப்டரைப்போல மூக்கு முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். பைலட்டின் காலடியிலேயே ஊர் தெரியும். ஒருகட்டத்தில் பிஸ்டன் இன்ஜினுக்குப் பதில் டர்போபிராப் வைத்து, உடலை நீட்டி, 11 இருக்கைகளுடன் 'வியாட்டர்' என்ற அண்ணன் விமானமும் வந்தது.

ஒரே விமானத்தை இப்படிப் பல அவதாரம் எடுக்க வைப்பது புதிதல்ல. 1934-ல் பிரான்ஸின் கோத்ரோன் நிறுவனம் 'கோஎலான்' என்ற விமானத்தைப் பறக்கவிட்டது. பெயருக்குக் கடற்காகம் என்று அர்த்தம். அதுவும் இரட்டை இன்ஜின், ஆறு பயணிகள். பயணிகளுக்காகப் பிறந்த அது தபால் சுமந்தது. போர் வந்ததும் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்தது. விளைவு, 1,700-க்கும் மேற்பட்ட விமானங்கள். சிறு விமானம் பிழைக்க வேண்டுமென்றால் எந்த வேலைக்கும் தயாராக இருக்க வேண்டும். கூடவே, அந்த வேலையைக் கொடுக்க ஆளும் இருக்க வேண்டும்.

ஓசூருக்கு ஏன் வந்தது?

நேரம் சரியாகத்தான் இருந்தது. 1991-ல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1994-ல் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் ரத்தானது. விமான சேவையில் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த உரிமை முடிவுக்கு வந்தது. இனி தனியார் விமானங்கள் பெருகும், சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானங்கள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டது டால். ஓசூரிலிருந்து 40 கி.மீ தூரத்தில் பெங்களூரு. அங்கே ஹெச்.ஏ.எல், தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல், விமான வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் உண்டு. பார்த்தெனாவியாவுடன் ஒப்பந்தம் போட்டு, முதலில் பி-68சி, அடுத்து வியாட்டர் என்று திட்டமிட்டார்கள்.

ஓசூரில் கிளம்பினால் சென்னைக்கு ஒரு மணி நேரம் போதும். காகிதத்தில் எல்லாமே அழகாக இருந்தது.

சிக்கல் இரண்டு பக்கமும் வந்தது. இத்தாலியில் பார்த்தெனாவியாவே கடனில் தள்ளாடி, 1990-களில் திவாலானது. தாய் நிறுவனமே ஆடும்போது அடுத்த மாடலைப் பற்றி யார் பேசுவது? வியாட்டர் கனவு கைகூடவில்லை.

இந்தியப் பக்கத்துச் சிக்கல் இன்னும் சாதாரணமானது. பெட்ரோல்! பெரிய விமானங்கள் குடிப்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த ஏ.டி.எஃப். பி-68-ன் பிஸ்டன் இன்ஜினுக்கு அது ஆகாது. 'ஏவ்கேஸ்' என்ற தனி ரக விமான பெட்ரோல் வேண்டும். அது நம் நாட்டில் பல காலம் இறக்குமதிச் சரக்கு. இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா ஆலையில் இதைத் தயாரித்து விற்பனைக்கு அறிமுகப்படுத்தியதே 2022-ல்தான். காரை வாங்கிவிட்டு, பெட்ரோலுக்குக் கப்பலை எதிர்பார்த்து நிற்பதுபோன்ற நிலை. போதாக்குறைக்கு, சின்ன விமானம் போய் இறங்க வேண்டிய சின்ன ஊர்களில் ரன்வேக்களும் இல்லை, இருந்த இடங்களில் விமான சேவையும் இல்லை. எதிர்பார்த்த விற்பனை நடக்கவில்லை.

விமானத்தைக் குறைசொல்ல முடியாது. திவாலான பார்த்தெனாவியாவின் சொத்துகளை 1998-ல் 'வல்கனேர்' என்ற நிறுவனம் வாங்கியது. பி-68 அதன்பிறகும் நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கும் காசோரியாவில் தயாராகிக்கொண்டேதான் இருந்தது. பஸ்காலே தொடங்கிய இன்னொரு நிறுவனமான 'டெக்னாம்', இன்று உலகின் முக்கியச் சிறு விமானத் தயாரிப்பாளர்களில் ஒன்று. நல்ல சரக்கை, அதற்கான சந்தை உருவாகும் முன்பே நம் ஊரில் கடை விரித்துவிட்டார்கள் என்பதுதான் உண்மை.

ரன்வே என்ன ஆனது?

டால் கடையை மூடவில்லை, வியாபாரத்தை மாற்றிக்கொண்டது. என்.ஏ.எல் வடிவமைத்த 'ஹன்ஸா-3' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தைத் தயாரித்தது. ஃப்ளையிங் கிளப்களில் பைலட் கனவோடு சேர்ந்தவர்கள் அதில் பழகினார்கள். பிறகு விமானங்களுக்கும் விண்வெளித் திட்டங்களுக்கும் தேவையான பாகங்களைச் செய்வது முக்கியத் தொழிலானது. முழு விமானம் செய்த இடம், பாகங்கள் செய்யும் இடமாக மாறியதில் ஒரு வருத்தம் இருக்கலாம். ஆனால், பாகங்களுக்கு ஆர்டர் வந்தது, விமானத்துக்கு வரவில்லை.

ரன்வேயும் சும்மா இல்லை. அதையொட்டி 'ஏர் ஒர்க்ஸ்' நிறுவனத்தின் பழுதுபார்க்கும் மையம் அமைந்தது. ஏர்லைன்ஸ் கம்பெனிகளின் விமானங்கள் சர்வீஸுக்காக அங்கே வந்து இறங்குகின்றன. பேளகொண்டப்பள்ளி வயல்களில் நிற்பவர்கள் தலைக்குமேல் பயணிகள் விமானம் தாழப் பறப்பதைப் பார்க்கலாம். அதில் பயணிகள்தான் இருக்க மாட்டார்கள்.

ஓசூரில் பயணிகள் சேவை தொடங்க முடியாததற்கு ஒரு காகிதம் காரணம். பெங்களூரு விமான நிலையத்துக்காகப் போடப்பட்ட ஒப்பந்தப்படி, அது 2008-ல் திறக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ சுற்றளவில் போட்டி விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் விலக்கு உண்டு. ஓசூருக்கு இல்லை. கெடு முடிவது 2033-ல்.

அதைக் கணக்கில் வைத்துத்தான், ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆறு பேர் விமானத்தில் தொடங்கிய ஊருக்கு இது எவ்வளவு பெரிய தாவல் என்று பாருங்கள்! 2,000 ஏக்கர் என்றால் எங்கேயோ யாருடைய நிலமோதான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தருமபுரிக்காரர்களுக்கு இப்போதைக்குப் பக்கத்தில் இருப்பது ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம். அதன் கதையும் கிட்டத்தட்ட இதே ராகம்தான். 1993-ல் சேவை தொடங்கி, நின்று, பல ஆண்டுகள் கழித்து 2018-ல் 'உடான்' திட்டத்தில் மறுபடி தொடங்கி, மறுபடி நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அங்கே வந்துபோவது ஏ.டி.ஆர் ரக விமானம். சுமார் 70 இருக்கைகள், டர்போபிராப் இன்ஜின், மேல்பக்கம் பொருத்திய இறக்கை. ஜன்னலோர சீட் கிடைத்தால் கீழே ஊர் நன்றாகத் தெரியும்.