சீதனக் காணியும் கணவன் ஒப்பமும்

ஒரு சமூகம் மணவாழ்வை எவ்வாறு கருதுகிறது என்பதை அறிய விரும்புவோர் அதன் மணப்பந்தரையும் மங்கல வாழ்த்தையும் மட்டும் நோக்குதல் போதாது. மணமான பெண்ணின் உடைமை யார் கையில் இருக்கிறது, அதனை விற்கவோ ஈயவோ அவள் யாரைக் கேட்கவேண்டியிருக்கிறது என்று வினவுதல் வேண்டும். வாழ்த்திலே எல்லாச் சமூகங்களும் பெண்ணைத் திருமகள் என்றே போற்றும்; உறுதி எழுதும்போதுதான் உண்மை வெளிப்படும்.

மணமுறை மாறாதது, தொன்றுதொட்டு ஒரே வடிவில் வருவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நம் இலக்கியமோ வேறு கூறுகிறது. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் காட்டும் திருமணங்களில் எரியோம்பலும் இல்லை, புரோகிதரும் இல்லை. பந்தரும் விருந்தும் மங்கல மகளிரின் வாழ்த்துமே உண்டு. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது கோவலனும் கண்ணகியும் முதிய பார்ப்பான் மறைவழி காட்டத் தீவலம் வருகின்றனர். தொல்காப்பியம் இன்னும் ஒருபடி சென்று, மணச்சடங்கு தோன்றியதற்கே காரணம் கூறுகிறது: காதலரிடையே பொய்யும் தவறும் நேரத் தொடங்கியபின் பெரியோர் சடங்கை வகுத்தனர் என்பது அதன் கருத்து. அஃதாவது, மணவிதி வானத்திலிருந்து இறங்கியதன்று. ஏமாற்றப்பட்டவர்க்குக் காப்பாக மனிதர் ஏற்படுத்தியது. இக்கருத்தை நாம் மனத்திற் கொள்ளுதல் நலம்.

பிற நாட்டார் நிலையையும் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் மணம் முடிந்த கணமே மனைவியின் சட்ட ஆளுமை கணவனுள் அடங்கிவிடும். அவள் கொண்டுவந்த பணமும் பொருளும் அவனுடையனவாகும். நிலத்தின் ஆட்சியும் அவன் கைக்கு மாறும். 1882ஆம் ஆண்டுச் சட்டமே இந்நிலையை நீக்கியது. இஸ்லாமிய நெறியிலோ மஹர் மனைவிக்கே உரியது. அவளுடைய உடைமை மணத்தின் பின்னும் அவளுடையதாகவே நிற்கும். நம் தீவிலேயே கண்டிச் சிங்களவரிடையே, கணவன் வீடு செல்லும் தீக மணம் என்றும், கணவன் மனைவி வீட்டுக்கு வரும் பின்ன மணம் என்றும் இருவகை உண்டு. எவ்வகையில் மணந்தாள் என்பதைப் பொறுத்தே பெண்ணின் தந்தைவழிச் சொத்துரிமை அமைந்தது. ஒரு சிறு தீவுக்குள்ளேயே மணம் என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள்கள்!

இனி வடபுலத்துத் தமிழரின் தேசவழமைக்கு வருவோம். யாழ்ப்பாணத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதனை ஆராய்ந்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பகுப்பது அதன் அடிப்படை. தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும் செல்வது பண்டை முறையென்றும், போர்த்துக்கேயர் காலத்தில் இம்முறையில் மாற்றங்கள் புகுந்தன என்றும் அத்தொகுப்பே கூறுகிறது. மாறாத வழமை என்று நாம் போற்றும் நூல், தன் முதற் பகுதியிலேயே மாற்றத்தின் வரலாற்றைச் சொல்வது சிந்திக்கத்தக்கது.

சீதனம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது மாப்பிள்ளை வீட்டாரின் பேரமும், பெண்ணைப் பெற்றவரின் பெருமூச்சுமே. அக்கொடுமையை மறுப்பாரில்லை. ஆயினும் தேசவழமையின்படி சீதனம் பெண்ணுக்குரிய சொத்து. தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவந்த நிலம். ஆங்கில மாது 1882வரை காத்திருந்து பெற்ற உரிமையின் ஒரு கூற்றினை யாழ்ப்பாணப் பெண் அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே பெற்றிருந்தாள் எனலாம். ஆனால் அதே தொகுப்பிலே, மனைவி கணவனின் விருப்பத்துக்கு உட்பட்டவள், ஆதலால் அவன் இசைவின்றி அவள் எதனையும் ஈதல் கூடாது என்ற கருத்தும் இடம்பெற்றது. உரிமையை ஒரு கையால் அளித்து, ஆட்சியை மறு கையால் வாங்கிக்கொண்டது வழமை.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இதனை எழுத்திலே உறுதிசெய்தது. மணமான பெண் தன் அசையும் பொருளை விரும்பியவாறு செய்யலாம். தன் காணியையோ வீட்டையோ விற்கவேண்டுமாயின் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும். கணவன் தன் காணியை விற்பதற்கு மனைவியின் இசைவு வேண்டியதில்லை. இதிலுள்ள முரணைக் காண்க: கன்னியாயிருந்தபோது அவள் விற்கலாம், கைம்பெண்ணானபின் விற்கலாம், தன் இறப்பின்பின் அந்நிலம் யாரைச் சேரவேண்டுமென்று கணவனைக் கேளாமலே மரணசாதனமும் எழுதலாம். மனைவியாய் உயிரோடிருக்கும் காலத்தில் மட்டுமே அவள் கை கட்டப்பட்டிருக்கிறது!

1923ஆம் ஆண்டில் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் பொதுச் சட்டத்தின்கீழ் வாழும் பெண்களை இத்தகைய தடையினின்று விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களை அது விலக்கிவைத்தது. அதனால் மட்டக்களப்புத் தமிழ்ப்பெண் தன் காணியைத் தானே விற்கலாம். அவளே தேசவழமைக்குட்பட்ட ஒருவரை மணந்தால், அம்மணம் நிலைக்கும் வரை அவளும் தேசவழமைக்கு உட்பட்டவளாகிறாள். ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே தாலி. மணமகன் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவன் என்பதே அவள் உரிமையைத் தீர்மானிக்கிறது.

இவ்விடத்திற் கண்ணகியை நினையாதிருக்க இயலவில்லை. பொருளிழந்து நாணித் திரும்பிய கோவலனுக்குத் தன் சிலம்புகளை எடுத்துக்கொள்ளுமாறு அவளே இசைவு தருகிறாள்; அதன்பின்பே அவன் மதுரைக்கு வழிகொள்கிறான். மன்னன் அவையிலும் அச்சிலம்பு தன்னுடையது என்பதே அவள் வழக்கு. காப்பியத்திலே மனைவியின் பொருளை விற்க மனைவியின் இசைவு நிற்கிறது. சட்டத்திலே மனைவியின் பொருளை விற்கக் கணவனின் ஒப்பம் நிற்கிறது. கண்ணகியை ஊர்தோறும் கோயில் வைத்து வழிபடும் நாம் இவ்வேற்றுமையை எண்ணிப் பார்த்ததுண்டா?

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியாயின் இவ்வளவு விரிக்க வேண்டியதில்லை. 2009இல் முடிவுற்ற போரின்பின் வடக்கிலே கணவன் எங்கே என்று அறியாத பெண்கள் பலர். அவர் இறந்தார் என்று ஏற்க அவர்கள் மனம் இசையவில்லை. இருக்கிறார் என்பதற்குச் சான்றுமில்லை. இத்தகையோரின் துயரைத் தீர்ப்பதற்கென 2016ஆம் ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறியது. இறப்புச் சான்றிதழுக்கு மாறாக, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழும் அவ்வாண்டிலேயே சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் பிள்ளையின் படிப்புக்கென்றோ கடன் தீர்க்கவென்றோ தாய் தந்த சீதனக் காணியை அப்பெண் விற்க முனைந்தால், கணவன் ஒப்பம் எங்கே என்ற வினா எழுகிறது. கணவன் கைவிட்டவிடத்தும், அவன் இருப்பிடம் தெரியாதவிடத்தும், அவன் நியாயமின்றி மறுத்தவிடத்தும் மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. அவ்வழியே செல்ல வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். தன் துயரைப் பல வாயில்களிற் சொல்லி அலுத்தவள் தன் சொந்த நிலத்துக்காக அதனை மீண்டும் ஒருமுறை சொல்லவேண்டும்.

கணவனின் இசைவு குடும்பச் சொத்தைக் காக்கிறது, பிள்ளைகளின் நிலம் அந்நியர் கைப்படாமல் தடுக்கிறது என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று, ஊதாரித்தனத்தாலும் வஞ்சகத்தாலும் அழிந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் குடும்பத்தைக் காப்பதே நோக்கமாயின் கணவன் தன் முதுசத்தை விற்கும்போது மனைவியின் ஒப்பமும் வேண்டும் என்று விதித்திருக்கவேண்டும். இருவரையும் பிணிக்காத கட்டு குடும்பத்தின் காவலாகாது. தேசவழமை தமிழரின் தனி அடையாளம், அதிற் கைவைத்தலாகாது என்று வேறு சிலர் அஞ்சுவர். பெரும்பான்மையின் நிழலில் வாழும் மக்களிடம் அவ்வச்சம் இயல்பே. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் தன் 16ஆம் உறுப்புரையால் பழைய சட்டங்களை, அவை அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும், செல்லுபடியாகும் என்று விட்டுவைத்திருக்கிறது. ஆயினும் 1707இல் முதலிமாரும், 1911இலும் 1947இலும் சட்டசபையினரும் தொட்ட ஒன்றை, நாம் மட்டும் தொடலாகாது என்பது என்ன நியாயம்? பிறர் வந்து திருத்துமுன் உரியவர்களே திருத்துவதன்றோ அடையாளத்தைக் காக்கும் வழி?

தாய்வழி நிலம் மகளுக்கு என்ற தேசவழமையின் சிறந்த கூறு நிலைக்கட்டும். அந்நிலத்தை ஆள்வதற்கு அவள் ஒப்பமே போதும் என்ற ஒரு வரி அதனோடு சேரட்டும். பொய்யும் தவறும் தோன்றியபோது விதி வகுத்த பெரியோரின் மரபு அதனால் குறைவுறாது. அவர்கள் தொடங்கிய பணியே மேலும் ஓர் அடி முன்செல்லும்.