நெகட்டிவை எங்கே வெச்சிருக்கீங்க?

பிலிம் கெமரா திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். பேராதனைப் பூங்காவில் கலியாண ஜோடிகள் படத்துக்கு நிற்கிற இடங்களில், பெரிய டிஜிட்டல் கெமராக்காரருக்குப் பக்கத்தில் கழுத்தில் பழைய கெனன் ஒன்றைத் தொங்கவிட்ட நண்பன் ஒருவனும் இப்போது கட்டாயம் நிற்கிறான். பெட்ச் ட்ரிப், கடைசிப் பரீட்சை முடிந்த பின்னேரம், பெருநாள் காலை, தங்கச்சியின் பிறந்தநாள், எல்லாத்துக்கும் ஒரு ரோல். பிறகு இன்ஸ்டாவில் பத்துப் படம். கீழே "35 எம்.எம்." என்று ஒரு வரி.

எங்களுக்கு இதில் பொறாமை இல்லை. (கொஞ்சம் இருக்கு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணுற காசுக்கு போர்டிங்கில் எத்தனை நாள் சாப்பிடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.) எங்கள் சண்டை காசைப் பற்றியதும் இல்லை. பிலிமில் எடுக்கும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: ரோலைக் கழுவின பிறகு நெகட்டிவை வாங்கினீங்களா?

கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் முழிப்பார்கள். "அவங்க லிங்க் அனுப்பினாங்களே" என்பதுதான் பதில். கழுவின சுருள் லேப்பிலேயே கிடக்கும். யாரும் எடுக்க வராவிட்டால் கொஞ்ச நாளில் குப்பைக்குப் போகும். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது என்ன? ஃபோனுக்குள் ஒரு ஜேபெக். ஃபோனில் எடுத்தாலும் அதுதான் இருந்திருக்கும். பிலிமை டிஜிட்டலிலிருந்து வேறாக்குவது அந்தப் புள்ளி புள்ளியான தோற்றமோ மஞ்சள் வெளிச்சமோ இல்லை. அந்த வெளிச்சத்தைத் தொட்ட ஒரு பொருள் உலகத்தில் எங்கேயோ இருக்கிறது என்பதுதான். அந்தப் பொருளை விட்டுவிட்டு வருகிறவர் பிலிமில் படம் எடுக்கவில்லை, ஒரு ஃபில்டரை விலைக்கு வாங்கியிருக்கிறார். அதற்கு ஹூஜி ஆப் போதும். அது ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் '98 என்று அடித்துத் தரும். எங்களில் ஒருவரும் 98இல் பிறந்திருக்கவில்லை என்பது வேறு கதை.

"பிலிம் எங்களை நிதானமாக்குது, 36 படம்தான் என்பதால் யோசிச்சு எடுக்கிறோம்" என்று ஒரு தத்துவமும் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் உம்மாவுக்கும் அம்மாவுக்கும் அது நிதானம் இல்லை, பற்றாக்குறை. கெமரா இருந்த வீடு தெருவில் ஒன்றோ இரண்டோ. தோட்டத்து லயங்களில் அதுவும் இல்லை, விசேஷம் என்றால் டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் வர வேண்டும். கெமரா வைத்திருந்த வீட்டிலும் ரோல் முடியும் வரை கழுவக் கொடுக்க மாட்டார்கள். அதனால் பழைய சுருள் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதலில் சாமத்தியச் சடங்கு, நடுவில் கண்டிப் பெரஹராவின் யானை, அதற்குப் பிறகு யாரோ ஒருவரின் விமான நிலையப் பயணம், கடைசியில் ரோலை முடிப்பதற்காக எடுத்த வாசல் ரோஜா. ஒரு குடும்பத்தின் ஒரு வருசம் ஒரு சுருள் நீளத்தில் கிடக்கிறது. அல்பத்தில் இந்த வரிசை இருக்காது. நல்ல படத்தை மட்டும் பொறுக்கி வைத்திருப்பார்கள். யார் பக்கத்தில் யார் நின்றார், எந்தப் படத்தில் மாமி கண்ணை மூடினார், எந்தச் சண்டைக்குப் பிறகு எந்தப் படம் கிழிந்தது என்பதெல்லாம் நெகட்டிவில்தான் மிச்சம்.

அந்த நெகட்டிவ்கள் இப்போது எங்கே? பிஸ்கட் டின்னில். அலுமாரிக்கு மேலே. கண்டிப் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து. பிலிமின் மேலே பூசியிருப்பது ஜெலட்டின், விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. நூறு படம் எடுத்த உங்கள் புது ரோல்களைவிட அவசரமான வேலை அந்த டின்னுக்குள் இருக்கிறது.

எவ்வளவு அவசரம் என்று 2025 நவம்பர் கடைசியில் கண்டோம். டித்வா புயலில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கண்டி மாவட்டத்தின் இழப்பு மிகப் பெரியது. மகாவலி பெருகி கம்பளை, கெலிஓயா, பேராதனை என்று ஆற்றோரமெல்லாம் வீடுகளுக்குள் ஏறியது. உயிர் போன இடத்தில் போட்டோவைப் பற்றிப் பேசுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் தண்ணி வடிந்த பிறகு சனம் சேற்றுக்குள் தேடினது ஐடி, உறுதிப்பத்திரம், அதற்கு அடுத்தது அல்பம். நனைந்த அல்பங்களை நாங்கள் பார்த்தோம். பிளாஸ்டிக் ஒட்டும் தாள் உள்ள அந்தத் தடித்த அல்பங்கள்தான் மோசம். தண்ணியை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். படத்துச் சாயம் கரைந்து மணமகள் மஞ்சளும் சிவப்புமாய் ஓடிக் கிடந்தார். பலர் அப்படியே வெயிலில் காயவிட்டார்கள். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. குப்பை ட்ரெக்டரில் மெத்தையோடு அதுவும் போனது.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் எங்கள் கோபம். நனைந்த படத்தை ஒட்டின நிலையில் காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணியில் போட்டு மெதுவாகப் பிரித்து, படப் பக்கத்தை விரலால் தேய்க்காமல் அலசி, துணி மேல் படம் மேலே பார்க்க வைத்து நிழலில் காயவிட வேண்டும். நேரமில்லையென்றால் பொலித்தீன் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம். நெகட்டிவ் என்றால் அலசி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் போதும், பல நேரம் பிழைத்துவிடும். இது ரொக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு இதைத்தான் செய்தார்கள். மியாகி மாகாணத்து யமமோட்டோ என்ற சின்ன ஊரில் மட்டும் சுமார் 7,50,000 படங்களைச் சேற்றிலிருந்து எடுத்து, தொண்டர்கள் கழுவி, ஸ்கேன் பண்ணி, சொந்தக்காரரைத் தேடிக் கொடுத்தார்கள். பிலிம் செய்கிற ஃபுஜி கொம்பனியும் தன் ஆட்களை அனுப்பிப் படம் கழுவ வைத்தது. இங்கே அத்தனை கெமராக்காரர் இருக்கிறோம். வெள்ளத்தின் அழகான பிலிம் படங்கள் ஃபீடில் ஓடின. கழுவ வந்த கை குறைவு.

ஏன் இவ்வளவு கத்துகிறோம் என்றால், எங்கள் ஆட்களுக்கு வேறு ஆவணக் காப்பகம் கிடையாது. ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் இங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. களுத்துறையில் அவர் முன்னால் நின்ற தமிழ்த் தொழிலாளருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. கண்டியிலும் கொழும்பிலும் ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்கோவன் போன்றவர்களின் படங்களிலும் "தமிழ்ப் பெண்", "கூலி" என்ற வகைகள்தான். எங்களைப் படம் எடுத்தார்கள், எங்களுக்காக எடுக்கவில்லை. அது மாறியது யாரோ ஒரு மாமா கெமரா வாங்கின அன்றுதான். பிறந்தநாள் கேக்கும் சுன்னத்து வீடும் கோயில் கும்பிடும் அற்பமான படங்கள் இல்லை. எங்கள் ஆட்கள் தங்கள் பெயரோடு நின்ற முதல் படங்கள்.

வடக்கில் இதை விளக்கவே தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மார் மடியில் வைத்திருக்கும் படங்களைக் கவனித்திருப்பீர்கள். சிலது ஐடிக்கு எடுத்தது. சிலது ஏதோ ஒரு விசேஷத்தில் நின்ற கூட்டத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது, பக்கத்தில் நின்றவரின் தோள் இன்னும் தெரியும். எடுக்கும்போது அது சும்மா ஒரு கலியாண வீட்டுப் படம்.

பிலிம் அந்தரங்கம் காக்கும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஃபோன் மாதிரி உடனே பரவாதாம். பழைய காலத்திலும் ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார், பெண்கள் பக்கத்துப் படங்களைக் கழுவக் கொடுக்க எங்கள் வீடுகளில் எவ்வளவு தயங்கினார்கள் என்று கேட்டால் சொல்வார்கள். இன்றைக்கு லேப்பில் ஸ்கேன் பண்ணும் ஒருவர் உங்கள் 36 படத்தையும் கணினியில் வைத்திருக்கிறார். சில இடங்களில் கேட்காமலே தங்கள் பக்கத்திலும் போடுகிறார்கள். சுருளையும் அங்கேயே விட்டுவிட்டு அந்தரங்கம் பற்றிப் பேசுவது நல்ல பகிடி.

எடுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. ரோலைக் கொடுக்கும்போதே "நெகட்டிவ் வேணும்" என்று சொல்லி, ஆறு ஆறாக வெட்டி உறையில் வாங்கி வாருங்கள். அடுத்த ரோலுக்குச் சேர்த்த காசில் பாதிக்கு உறையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும், மூடி இறுக்கமான டப்பாவும் வாங்கலாம். வீட்டு டின்னைத் திறந்து, ஒரு டெப்லட்டின் வெள்ளைத் திரைக்கு மேலே சுருளை வைத்து ஃபோனில் படம் எடுத்து, நிறத்தைத் திருப்பினால் முகங்கள் வந்துவிடும். அதை மூத்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக நிற்கிற அந்தக் கண்ணாடி போட்ட மனிதரின் பெயர் வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.