ஒரு படகில் இருவர்



ஆரணியை அடுத்த தேவிகாபுரத்தில், விடியற்காலையில் பட்டு நெசவாளர் தெருவழியே நடந்து செல்பவர்கள் ஓர் இனிய காட்சியைக் காணலாம். தெருவின் நெடுக்கே பாவு நீட்டப்பட்டிருக்கும். ஒரு முனையில் கணவன், மறுமுனையில் மனைவி. இடையே பிள்ளைகள் அறுந்த இழையைத் தேடி முடிந்துகொண்டிருப்பர். ஒருவர் கை தளர்ந்தால் மற்றவர் உழைப்பும் வீணாகும். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும். பிணங்கிக்கொள்ள அங்கு எவருக்கும் நேரமில்லை.

கடலுக்கு வெகு தொலைவிலுள்ள அத்தெருவை நினைக்கும்போதெல்லாம், கடலின் நடுவே எட்டுத் திங்கள் வாழ்ந்த இரு பெண்கள் என் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் கரை சேர்ந்தனர். கோவாவிலேயே கட்டப்பட்ட அப்படகின் நீளம் 56 அடிதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவு, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே தங்கி, ஏறத்தாழ 25,000 கடல்மைல்களைக் காற்றின் துணைகொண்டே கடந்தனர்.

2025 ஜனவரியில், பசிபிக் மாக்கடலில் ‘நெமோ முனை’ எனப்படும் இடத்தை அவர்கள் தாண்டினர். எத்திசையில் சென்றாலும் நிலத்தைக் காண 2,600 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டிய இடம் அது. அங்கே அவர்களுக்கு மிக அருகில் இருக்கக்கூடிய மனிதர், தலைக்கு மேல் விண்வெளி நிலையத்தில் சுற்றிவருபவரே!

இத்தகைய பயணத்தில் ஒருவர் கண்ணயர வேண்டுமானால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். சுக்கானும் பாயும் காற்றின் போக்கும் அப்போது அவர் பொறுப்பு. பின்னர் முறை மாறும். உறங்குபவர் தம் உயிரை விழித்திருப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டே உறங்குகிறார். கோபம் வந்தால் கதவை அறைந்துவிட்டு வெளியேறவும் வழியில்லை, வெளியே கடல்! மூன்று ஆண்டுக்காலம் அவர்கள் பெற்ற பயிற்சியில் பாய் கட்டக் கற்றதோடு, ஒருவரை ஒருவர் நம்பவும் கற்றிருப்பர் அன்றோ?

புதிதாக ஒரு படகு வாங்கி, நண்பரோடு கிரேக்கத் தீவுகளைச் சுற்றிவருவது இன்று வசதி படைத்தோர் பலரின் விடுமுறைக் கனவு. அதே தீவுகளின் வழியே முன்னொரு காலத்தில் தம் தோழரோடு கப்பலில் சென்றவர் புனித சின்னப்பர். அவரும் ஒரு தொழிலாளியே; கூடாரம் செய்து பிழைத்தவர். மித்திலேனே, சாமோஸ், கோஸ், ரோது என அவர் கடந்த இடங்களை அப்போஸ்தலர் பணி வரிசையாகக் கூறுகிறது. பின்னர் அவர் கைதியாக உரோமைக்குச் செல்கையில், கிரேத்துத் தீவை விட்டு வந்த கப்பல் பெரும் புயலில் சிக்கியது. அதில் 276 பேர் இருந்தனர். நங்கூரம் இறக்கப் போவதாகச் சாக்குச் சொல்லி, மாலுமிகள் சிறுதோணியில் நழுவப் பார்த்தனர். அவர்கள் கப்பலில் இராவிடில் எவரும் பிழைக்க முடியாதென்று சின்னப்பர் எச்சரித்தார். படைவீரர் தோணியின் கயிற்றை அறுத்துவிட்டனர். கப்பல் உடைந்தது, ஆனால் 276 பேரும் உயிரோடு கரையேறினர்.

இல்லறத்தைப் படகுக்கு ஒப்பிடுவதைத் திருமணப் பந்தலில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் நம் படகில் காவல் முறை மாறுகிறதா? தறியில் அமர்ந்தவனுக்குத் தார் சுற்றித் தருபவளும், அடுப்பெரிப்பவளும், நள்ளிரவில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பவளும் பெரும்பாலும் ஒருத்தியே. அவள் கண்ணயரும் முறை எப்போது வரும்? கடன் முற்றும்போதும் நோய் வரும்போதும், ‘இதோ வருகிறேன்’ என்று சாக்குச் சொல்லி மதுக்கடைக்கு நழுவும் தலைவன் இறக்குவதும் அந்தச் சிறுதோணியைத்தானே? அதன் கயிற்றை அறுக்க வேறு படைவீரர் வரமாட்டார். அவனேதான் அறுத்தாக வேண்டும்.

தந்தையரே, இன்றிரவு உங்கள் இல்லத்தாளிடம் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள்: “நீ உறங்கு, நான் விழித்திருக்கிறேன்.” சொன்னபடியே விழித்திருங்கள். அடுத்த நாள் காலை அவள் பாவின் மறுமுனையைப் பற்றும்போது, கையின் உறுதியில் வேறுபாடு தெரியும்.