ஜனவரியில் வாங்கிய தக்காளி

விவசாயத்தில் செலவு முந்திக்கொள்ளும், வரவு பிந்தித்தான் வரும். நம் ஊரில் இந்த இடைவெளியை அடைப்பது வீட்டுப் பெண்களின் நகை. விதைப்புக்கு முன் கூட்டுறவு வங்கிக்குப் போகும், அறுவடைக்குப் பின் வீடு திரும்பும், அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் போகும். நான் இருக்கும் மேற்கு மாசசூசெட்ஸில் நகை வைக்கும் வழக்கம் கிடையாது. இடைவெளி மட்டும் அதேதான். பிப்ரவரியிலிருந்தே விதை, உரம், பசுமைக்குடிலைச் சூடாக்க எரிவாயு, ஆள்கூலி என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். காசைக் கண்ணால் பார்ப்பது ஜூலையில்தான்.

சில சிறு காய்கறிப் பண்ணைகளில் இந்தப் பள்ளத்தைச் சாப்பிடுகிறவர்களே நிரப்புகிறார்கள். குளிர்காலத்திலேயே ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிட வேண்டும். இந்தப் பக்கம் 600, 700 டாலர் சாதாரணம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை வாராவாரம், விளைந்ததில் நம் பங்கு நமக்கு. அமெரிக்காவில் இது வேர்விட்ட இடங்களில் ஒன்று எங்கள் பெர்க்‌ஷயர் மலைப்பக்கம்தான். சவுத் எக்ரமான்டில் இருக்கும் இந்தியன் லைன் பண்ணையில், ராபின் வேன் என் என்ற பெண்மணியும் சுவிட்சர்லாந்தில் இதைப் பார்த்துவிட்டு வந்த யான் வாண்டர் டூயினும் நண்பர்களோடு சேர்ந்து 1986-இல் காய்கறிப் பங்குகளைத் தொடங்கினார்கள். ஜப்பானில் அதற்கும் முன்பே, 1970-களில், ‘தெய்கெய்’ என்ற பெயரில் இதே போன்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

“சீட்டு கட்டுற மாதிரியாக்கா?” என்று கேட்டாள் ஊருக்குப் புதிதாய் வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி.

“சீட்டுல தொகை நிச்சயம்மா. இதுல தக்காளி நிச்சயமில்ல.”

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த நிச்சயமின்மை என்னவென்று பார்க்க வேண்டுமானால் ஏப்ரலில் நான் பங்கு வாங்கும் பண்ணைக்கு வர வேண்டும். மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிசைந்தால் உருண்டையாகவே நிற்கும். உதிர்கிற வரை கலப்பையை இறக்க முடியாது. குளிரில் மண் உறைந்து இளகும்போதெல்லாம் அடியில் கிடக்கும் கல் கொஞ்சம் மேலே வரும். போன வருஷம் பொறுக்கிய வயலில் இந்த வருஷமும் கல் பொறுக்க வேண்டும். இங்கே காடு மேடெல்லாம் ஓடும் கல் சுவர்கள் பழைய காலத்து விவசாயிகள் இப்படிப் பொறுக்கிக் குவித்தவை. பட்டாணியை ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை, ‘பேட்ரியாட்ஸ் டே’ விடுமுறையன்று ஊன்றுவது இங்கத்திய பழக்கம். ஓக் இலை அணில் காது அளவுக்கு வந்தால் மக்காச்சோளம் போடலாம் என்பது இவர்களுடைய பட்டக் கணக்கு.

பங்குதாரர்கள் விரும்பினால் கைவேலைக்கு வரலாம். எனக்குப் பிடித்தது வெங்காய நடவு. பிப்ரவரிக் கடைசியில் தட்டுகளில் விதைத்த நாற்று தலைமயிர்போல வளர்ந்து சாயும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி விடுவார்கள். நடவன்று டிராக்டர் நடைவேகத்தைவிட மெதுவாகப் போகும். பின்னால் கூர்முனைகள் வைத்த ஒரு சக்கரம், பாத்தியில் விரித்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கைக் குத்தித் துளை போட்டு, அதில் தண்ணீரும் விட்டுக்கொண்டே உருளும். அதையொட்டித் தரைமட்டத்தில் இரண்டு இருக்கைகள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, துளை கடந்து போவதற்குள் நாற்றைச் சேற்றில் செருக வேண்டும். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும். ஒரு பாத்தி முடிவதற்குள் விரல் நுனிகள் மரத்துப்போய், செருகியது ஒரு நாற்றா இரண்டா என்று கைக்குத் தெரியாது.

மே மாதம் வேறு பயம். மேகமில்லாமல், காற்றில்லாமல் சாயங்காலம் அழகாக இருந்தால் பண்ணைக்காரரின் முகம் சுருங்கிவிடும். ராத்திரி உறைபனி இறங்கும். வெளிக்காற்றுக்குப் பழகட்டும் என்று வைத்த தக்காளி நாற்றுகளை உள்ளே தூக்க வேண்டும். இளம் பயிருக்கு வெள்ளைத் துணி போர்த்தி, ஓரங்களில் மணல் பை வைக்க வேண்டும். 2023 மே 18 விடியலில் இறங்கிய உறைபனி இந்தப் பகுதியில் பல ஆப்பிள் தோட்டங்களின் காய்ப்பையே பறித்தது. அதே ஆண்டு ஜூலையில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து, அறுவடைக்கு நின்ற வயல்கள் மூழ்கின. முன்பணம் வாங்கி நடத்தும் பண்ணைகளும் அதில் உண்டு.

ஜனவரியில் நாம் கட்டும் பணம் இதற்குத்தான் என்பது என் கட்சி. காய் வேண்டுமென்றால் கடை இருக்கிறது. மொத்தச் சந்தையில் வாங்கிப் பெட்டியில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுப் போகும் கம்பெனிகளும் வந்துவிட்டன. அவற்றில் வசதி உண்டு. உறைபனியில் பங்கு கிடையாது. ஜூன் முதல் வாரப் பையில் கீரையும் முள்ளங்கியும் மட்டும் இருப்பதைப் பார்த்து “எழுநூறு டாலருக்கு இவ்வளவுதானா?” என்று சலித்துக்கொள்கிறவர்கள் கடைக் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. ஜனவரியில் எழுநூறு டாலரை மொத்தமாக எடுத்து வைக்க மாதச் சம்பளக்காரர்களால்தான் முடியும். 1986-இலேயே நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கிய டெம்பிள்-வில்ட்டன் சமூகப் பண்ணையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வருஷச் செலவுக் கணக்கைக் கூட்டத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். மொத்தச் செலவும் ஈடாகிற வரை சுற்று நடக்கும். கொடுத்த பணத்துக்கு ஏற்றபடி காயை நிறுத்துக் கொடுப்பது அங்கே இல்லை.

எங்கள் பண்ணையின் அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன். கூடக் கொடுக்க யார் முன்வருவார்கள் என்பது அப்போது தெரியும். நான் எவ்வளவு சொல்வது என்பதை வீட்டில் இன்னும் பேசவில்லை.